இருபதைக் கடந்தபின் சீருடை: தலித் இளைஞர் முடிவெடுக்கும் முன்

கல்லூரிப் படிப்பு முடிந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒப்பந்த வேலை நிலைக்கவில்லை. எழுதிய போட்டித் தேர்வின் முடிவும் வரவில்லை. பள்ளி நாளில் ஒருமுறை எழுந்து அடங்கிய 'ராணுவத்தில் சேரலாமா?' என்ற கேள்வி இந்தக் கட்டத்தில்தான் பல தலித் இளைஞர்களிடம் மீண்டும் எழுகிறது. பதினெட்டு வயதில் அது ஆர்வத்தின் கேள்வியாக இருந்திருக்கும். இருபத்து மூன்று வயதில் அது வாழ்வாதாரம், குடும்பப் பொறுப்பு, தன்மானம் ஆகிய மூன்றும் கலந்த கேள்வி. அந்த வயதில் எந்த வாயில்கள் திறந்திருக்கின்றன, அவை எதைத் தருகின்றன, எதைக் கேட்கின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

படையும் நம் முன்னோரும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளில் தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்கள் கணிசமாகப் பணியாற்றினர். பம்பாய் மாகாணப் படையில் மகர்களும், சென்னை மாகாணப் படையில், குறிப்பாக அதன் பொறியியல் பிரிவான சாப்பர்ஸ் அணியில், பறையர்களும் இருந்தனர். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் பலர் இருந்தனர். அங்குள்ள நினைவுத் தூணுக்கு 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் சென்றார்.

இந்தப் பணியால் நம் முன்னோருக்குக் கிடைத்தவற்றுள் நீடித்து நின்றது கல்வி. ராணுவக் குடியிருப்புகளில் படைவீரர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் இருந்தன. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார் நிலைக்கு உயர்ந்தவர். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். அம்பேத்கர் 1891இல் பிறந்ததும் மாவ் என்ற ராணுவக் குடியிருப்பு நகரில்தான். ஊர்ப்பள்ளி மறுத்த எழுத்தறிவைப் பாளையத்துப் பள்ளி கொடுத்தது. ஓய்வூதியம் ஊர்ச் சாதியாரை அண்டி வாழாத ஒரு தலைமுறையை உருவாக்கிற்று.

ஆனால் அந்த வாயில் நிரந்தரமாகத் திறந்திருக்கவில்லை. 'வீர மரபினர்' என்ற கோட்பாட்டை ராபர்ட்ஸ் போன்ற பிரிட்டிஷ் தளபதிகள் உயர்த்திப் பிடித்தனர். அதன் விளைவாகச் சென்னைக் காலாட்படை படிப்படியாகச் சுருக்கப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் மகர்களின் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் அதே பத்தாண்டில் இதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். முதல் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1917இல் மகர்களுக்கெனத் தனிப் படையணி அமைக்கப்பட்டது; போர் முடிந்த சில ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது, அம்பேத்கரின் வலியுறுத்தலும் சேர்ந்து, 1941இல் பெல்காமில் மகர் ரெஜிமென்ட் உருவானது. அது இன்றும் இருக்கிறது. எல்லாச் சமூகத்தவரும் அதில் பணியாற்றுகின்றனர். 1943இல் அமைக்கப்பட்ட சமார் ரெஜிமென்ட்டோ 1946இல் கலைக்கப்பட்டுவிட்டது.

அரசுக்கு ஆள் தேவைப்பட்டபோது திறந்து, தேவை தீர்ந்ததும் மூடிய வாயில் இது. எனவே எந்தச் சீருடைப் பணியையும் மதிப்பிட வரலாறு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது: அது கல்வியைத் தருகிறதா? பணிக்காலம் முடிந்தபின் வாழ வழி தருகிறதா?

எந்த வாயில், எந்த வயதில்

'படையில் சேர்வது' என்று பொதுவாகச் சொன்னாலும் சட்டப்படி இரு வேறு உலகங்கள் உள்ளன. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய முப்படைகள் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் வருபவை. சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப்., சி.ஐ.எஸ்.எப். முதலிய மத்திய ஆயுதக் காவல் படைகள் உள்துறை அமைச்சகத்தின்கீழ் வருபவை. தலித் இளைஞருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

முப்படைகளின் ஆள்சேர்ப்பில் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ இடஒதுக்கீடு இல்லை. வயதுத் தளர்வும் இல்லை. 2022 ஜூலையில் அக்னிவீர் விண்ணப்பதாரர்களிடம் சாதிச் சான்றிதழ் கேட்கப்பட்டது விவாதமானபோது, அது நெடுங்காலமாக உள்ள நடைமுறையே என்று அரசு விளக்கியது. சான்றிதழ் கேட்கப்படுகிறது, அதன் பயனாக இடம் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை.

2022இல் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வயது வரம்பு 17½ முதல் 21 வரை என நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஓராண்டுக்கு மட்டும் 23 வரை அனுமதிக்கப்பட்டது. அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்தே வயதை உறுதிசெய்ய வேண்டும். எனினும், பட்டப்படிப்பை முடித்து ஓரிரு ஆண்டுகள் கடந்தவர்களுக்குப் படைவீரர் பணிக்கான வாயில் பெரும்பாலும் மூடிவிட்டது என்றே கொள்ளலாம்.

பட்டதாரிகளுக்கு அதிகாரி நிலை திறந்திருக்கிறது. மத்திய தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வின் வழியாக ஏறத்தாழ 24 வயது வரை டேராடூன் ராணுவக் கழகத்திலும், 25 வயது வரை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலும் சேர முடியும். பயிற்சிக் கழகத்தில் பெண்களுக்கும் இடமுண்டு. பொறியியல், சட்டப் பட்டதாரிகளுக்கான குறுகியகாலப் பணிகளில் வரம்பு 27. பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களுக்கு இத்தேர்வில் கட்டணம் இல்லை. வயதுத் தளர்வு மட்டும் இல்லை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகிறது. வேறு பணியில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் சேவையாற்றும் பிராந்திய ராணுவத்தின் அதிகாரி பதவிக்கு 42 வயது வரை பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம்.

மத்திய ஆயுதக் காவல் படைகளில் நிலைமை வேறு. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு. பத்தாம் வகுப்புத் தகுதியுடைய காவலர் பணிக்குப் பொதுப்பிரிவினர் 23 வயது வரை எழுதலாம். நாம் 28 வரை எழுதலாம். 2024 முதல் இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். பட்டதாரிகளுக்கான உதவி கமாண்டன்ட் தேர்வில் 25 என்பது நமக்கு 30. தமிழ்நாடு காவல்துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 26 என்பது நமக்கு 31.

ஆக, காலம் கடந்தது என்று வருந்தும் 24 வயது தலித் இளைஞருக்கு மூடியிருப்பது ஒரு வாயில்தான். இடஒதுக்கீட்டை வென்றெடுத்த போராட்டம் மற்ற வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது.

நான்கு ஆண்டுகளின் கணக்கு

வயது வரம்புக்குள் இருப்பவர்கள் அக்னிபத்தின் நிதிக்கணக்கை முழுமையாக அறிந்திருக்க வேண்டும். முதலாண்டு மாத ஊதியம் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டில் 40,000. இதில் 30 விழுக்காடு சேவா நிதிக்காகப் பிடிக்கப்படுவதால் முதலாண்டில் கைக்கு வருவது 21,000. அரசும் அதே அளவு தொகை செலுத்துகிறது. நான்காண்டு முடிவில் வட்டியுடன் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் வரியின்றிக் கிடைக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. ஆயுள் காப்பீடு 48 லட்சம். நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 25 விழுக்காடு வரை மட்டுமே. பணிக்காலத்தில் திருமணம் செய்ய அனுமதி இல்லை.

முன்பு பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய சிப்பாய்க்கு வாழ்நாள் ஓய்வூதியம் கிடைத்தது. நிலமோ குடும்பத் தொழிலோ இல்லாத வீட்டில் அந்த மாதத் தொகைதான் அடுத்த தலைமுறையைக் கல்லூரிக்கு அனுப்பியது. இத்திட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதை எதிர்த்த மேல்முறையீடுகளை ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. எனவே இதுவே இன்றைய நடைமுறை. பணி முடிந்து வருவோருக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 விழுக்காடு இடம் என 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் பட்டியலினத்தவர் அப்படைகளின் தேர்வை இப்போதே நேரடியாக எழுதலாம் என்பதை மறக்கலாகாது. அங்குப் பணிக்காலம் 60 வயது வரை நீளும். 2004க்குப் பின் சேர்ந்தோர் பழைய ஓய்வூதியத்தில் இல்லை. பங்களிப்பு முறையில்தான் உள்ளனர். அது நீதிமன்றம் வரை சென்ற பிரச்சினை.

வழக்குகளும் சரிபார்ப்பும்

சீருடைப் பணிகள் அனைத்திலும் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. சாதி மோதல் நடந்த ஊர்களில் வன்கொடுமைப் புகார் கொடுத்தவர்கள்மீதே எதிர் வழக்கு பதியப்படுவது நாம் அறிந்த நடைமுறை. அவ்வழக்கில் படித்த இளைஞரின் பெயர் சேர்க்கப்பட்டால் அவருடைய அரசுப்பணி வாய்ப்பும் சேர்ந்தே தாக்கப்படுகிறது. தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, ஐயத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுவிக்கப்பட்டவரும்கூடக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர். ஆகவே பொய் வழக்கென்றால் தீர்ப்பு வரும்வரை காத்திராமல், வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை நாடுவது குறித்து வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே பேச வேண்டும்.

வழக்கு இருப்பதை விண்ணப்பத்தில் மறைப்பது இன்னும் பெரிய ஆபத்து. மறைத்தது தெரியவந்தால் பணி நியமனத்தை ரத்து செய்ய முடியும் என்பதை உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது.

செயற்பாட்டாளர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சங்கம் அமைத்தல், அரசியல் கூட்டங்களில் பங்கேற்றல், ஊடகத்தில் எழுதுதல் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. சேரியின் உரிமைக்காக மேடையேறிய குரல் பணிக்காலம் முழுதும் அடங்கியிருக்க நேரும்.

சீருடையும் ஊரும்

சீருடை அணிந்தால் சாதி நெருங்காது என்ற நம்பிக்கை பலரை இப்பணிக்கு இழுக்கிறது. முகாமுக்குள் ஓரளவு அது உண்மையாகவும் இருக்கலாம். ஊர் எல்லையில் அந்த நம்பிக்கை எத்தனை முறை உடைந்திருக்கிறது என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்று. 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எப். வீரர் ஒருவரின் உடலைப் பொதுநிலத்தில் எரியூட்ட உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்திலுள்ள அவரது ஊரின் ஆதிக்கச் சாதியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதிகாரிகள் பேசிய பின்னரே இடம் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் தன் திருமண ஊர்வலத்தில் குதிரையேறிச் சென்ற தலித் ராணுவ வீரர்மீது கல்வீச்சு நடந்தது.

சீருடையால் தனிமனிதருக்கு ஊதியமும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. ஊரின் சாதியொழுங்கை மாற்றும் வேலை ஊரில் நிற்கும் அமைப்புகளுக்கே உரியது. இதை அறிந்து சேர்பவர் பின்னாளில் ஏமாறுவதில்லை.

முடிவெடுக்கும் முன்

சேர வேண்டும் என்றோ கூடாது என்றோ எவருக்கும் பொதுவிதி சொல்ல முடியாது. ஆனால் ஒரு வரிசைமுறையைப் பரிந்துரைக்கலாம். பட்டம் முடியும் தறுவாயில் இருப்பவர் நான்காண்டுப் பணிக்காகப் படிப்பை இடையில் கைவிட வேண்டாம். பட்டம் அதிகாரி நிலைக்கும் பிற தேர்வுகளுக்கும் வழிவிடுகிறது. 25 வயதுக்குள் உள்ள பட்டதாரி முதலில் அதிகாரி நிலைத் தேர்வை எழுதிப் பார்க்கட்டும். மொழித்தடை உண்மையானது, ஆயினும் பயிற்சியால் கடக்கக்கூடியது. குறுகியகாலப் பணியில் சேரும் அதிகாரிக்குப் பத்து அல்லது பதினான்கு ஆண்டுகளில் ஓய்வூதியமின்றி வெளியேற வேண்டியிருக்கும் என்பதையும் அவர் கணக்கில் கொள்ளட்டும். 31 வயது வரை உள்ளவர்கள் மத்திய, மாநிலக் காவல் பணிகளை இடஒதுக்கீட்டு உரிமையோடு அணுகட்டும். வீட்டில் வேறு வருமானமே இல்லாத நிலையில் அக்னிவீராகச் சேர்பவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. அவர் சேவா நிதியைக் கடனடைப்பதில் மட்டும் கரைத்துவிடாமல் மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ ஒதுக்கவும், பணிக்காலத்திலேயே தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெறவும் திட்டமிட வேண்டும்.

ராம்ஜி சக்பால் ராணுவத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் கல்விதான் அவர் மகனை உருவாக்கியது. இன்று சேர எண்ணும் இளைஞர் பணியாணையில் கையொப்பமிடும் முன், தம் வீட்டுக்குத் தாம் எதைக் கொண்டுவர முடியும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.