கதவுநிலையில் ஒரு செபம்

கி.பி. 70இல் உரோமைப் படை எருசலேம் கோவிலை அழித்தது. பலிகள் நின்றுபோயின, யூத மக்களின் செபம் நிற்கவில்லை. அது வீட்டிலும் தொழுகைக்கூடத்திலும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கடவுள் ஒருவரே, அவரை முழுமையாய் அன்பு செய்ய வேண்டும் என்னும் ‘ஷெமா’வை அவர்கள் இன்றும் காலையும் மாலையும் சொல்கிறார்கள். இணைச்சட்ட நூலின் அப்பகுதியைத் தோல்சுருளில் எழுதி, ‘மெசுசா’ என்னும் சிறு பேழையிலிட்டு, கதவுநிலையில் பதிக்கிறார்கள். முதன்மையான கட்டளை எது என்று கேட்கப்பட்டபோது இயேசு சொன்னதும் இதையே (மாற் 12).

2020இல் பெருந்தொற்றால் நம் ஆலயங்கள் மூடப்பட்டபோது, நம் வீடுகளில் எத்தனை வீடுகள் செபித்தன? கோவில் திறந்திருக்கும் இந்நாளிலேயே, இன்றிரவு குடும்பமாய்ச் சேர்ந்து செபிக்கத் தொடங்குவோம். ஆமென்.