மூக்கும் சாட்சி சொல்லும்: கடலூர் சிப்காட்டில் மக்கள் நடத்திய ஆய்வு

மருத்துவ ஆய்வில் நோயாளிக்கும் ஊராருக்கும் ஆலோசனை சொல்லும் இடம் உண்டு என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்கு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, சென்னையின் ஆய்வு நிறுவனங்கள் வழியாக. மற்றது, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் புகை வழியாக. இரண்டாவதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

முதல் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு இணையான பலன் கிடைக்கும் என்று 1959இல் காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. ஆனால் கேள்வியை வகுத்தவர்கள் மருத்துவர்கள். நோயாளிகள் ஆய்வுக்கு உட்பட்டவர்கள், அவ்வளவுதான். 1983இல் அமெரிக்காவின் டென்வரில், தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று எய்ட்ஸ் நோயாளிகள் அறிக்கை விட்டார்கள். 2006இல், அந்தக் காசநோய் ஆய்வை நடத்திய அதே சென்னை நிறுவனத்தில் எச்ஐவி தடுப்பூசியின் முதல் கட்டச் சோதனை நடந்தபோது, சமூக ஆலோசனைக் குழு ஒன்றும் உடனிருந்தது.

கடலூரில் யாரும் யாரையும் குழுவுக்கு அழைக்கவில்லை. உப்பனாற்றங்கரை ரசாயன ஆலைகளை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் நாற்றமும் கண்ணெரிச்சலும் நெடுநாள் புகார். புகார் கொடுத்து அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறிவிடும். அப்புறம் எதைக் காட்டுவது? 2004இல் ஊர்க்காரர்கள் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். தேதி, நேரம், காற்றடிக்கும் திசை, என்ன நாற்றம், உடம்புக்கு என்ன செய்தது என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் என்று சந்தேகப்படலாம். பயிற்சி பெற்ற மூக்கும் ஒரு கருவிதான்.

இன்னொரு கருவி, 1990களில் கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைச் சுற்றி வாழ்ந்த மக்களிடையே பரவியது: மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு தனிவகைப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் ஏறும். நாற்றம் அடிக்கும் நேரத்திலேயே மாதிரி கையில் இருக்கும். கடலூரில் இப்படி எடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்து, 2004இலேயே ‘கேஸ் ட்ரபிள்’ என்ற அறிக்கை வந்தது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பையில் இருப்பது சில நிமிடக் காற்று. ஆண்டுச் சராசரியையோ, இன்னாருக்கு வந்த புற்றுநோய்க்கு இதுவே காரணம் என்பதையோ அது நிறுவாது. 2009இல் திருத்திய தேசியக் காற்றுத்தர வரையறையில் பென்சீன் என்ற நச்சு ரசாயனமும் இடம்பெற்றது. அதைக் கடலூரின் வெற்றி என்பது மிகை. ஆனால் எதை அளக்க வேண்டும் என்ற கேள்வியை ஆலையோர ஊர்கள் எழுப்பின. நிபுணர்கள் அவற்றுக்கு ஆலோசகர்களானார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சமூகத்தை ஆய்வில் ஈடுபடுத்தச் சொல்கின்றன. ஆனால் கேள்வியை யார் வகுப்பது? பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கைத்தோலை ஓட்டு எண்ணெய் அரிப்பது ஊரறிந்த விஷயம். நாளைக்கு அங்கே ஓர் ஆய்வுக்குழு போனால் களிம்பைப் பற்றியும் கையுறையைப் பற்றியும் கேட்கும். உடைத்த எடைக்குத்தான் கூலி என்னும்போது, உறை மாட்டினால் கை மெதுவாகுமே, அந்தக் குறைவை யார் தருவார்கள் என்பதே அந்தப் பெண்களின் முதல் கேள்வியாக இருக்கக்கூடும்.