மோவாப் பறவையின் மறைவும் நியூசிலாந்துக் காடுகளும்

எழுத்துச் சான்று தோன்றுதற்கு முற்பட்ட காலத்திலே பூமியின் பல பாகங்களிற் பேருருவப் பிராணிகள் வாழ்ந்து மறைந்தன. அவை எவ்வாறு மறைந்தன என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. அவை மறைந்தபின் அவை வாழ்ந்த காடுகளுக்கு யாது நேர்ந்தது என்னும் வினாவோ அண்மைக் காலத்திலேயே அறிஞரது கவனத்தைப் பெற்றது. பெருங்கண்டங்களில் இவ்வழிவு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தமையால், காரணத்தையும் விளைவையும் பிரித்தறிதல் அரிது. நியூசிலாந்தில் அது நிகழ்ந்து ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளே கழிந்துள்ளன. ஆதலின் அந்நாட்டு மோவாப் பறவையின் வரலாறு இவ்விரு வினாக்களுக்கும் தெளிவான விடை பகரவல்லது.

1839ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட சிறு எலும்புத் துண்டொன்றை றிச்சாட் ஓவன் என்னும் உடலமைப்பியல் அறிஞர் ஆராய்ந்தார். அது பறக்கவியலாத பெரும் பறவையொன்றின் தொடையெலும்பு என அவர் துணிந்து கூறினார். பின்னர்க் கிடைத்த எலும்புகள் அவர் கூற்றை மெய்ப்பித்தன. 1843இல் அப்பறவைக்கு அவர் டினோர்னிஸ் என்னும் பெயரைச் சூட்டினார். மோவாக்களில் ஒன்பது இனங்கள் இருந்தன என்பது இன்றைய அறிஞரிற் பெரும்பாலார் கொள்கை. அவற்றுட் பெரியது கழுத்தை நீட்டி நிற்குங்கால் ஏறக்குறைய மூன்றரை மீற்றர் உயரமும், 200 கிலோகிராமிற்கு மேற்பட்ட நிறையும் உடையது. சிறகின் அடையாளமும் அற்றவை இவை. வௌவாலைத் தவிர வேறு தரைவாழ் முலையூட்டிகள் இல்லாத அந்நாட்டில், பிற நாடுகளில் மானும் மாடும் ஆற்றும் தொழிலை இவையே ஆற்றின. தழையை மேய்ந்தன, விதையைப் பரப்பின, நிலத்துக்கு உரமிட்டன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாவோரியரின் முன்னோர் கிழக்குப் பொலினீசியத் தீவுகளிலிருந்து தோணிகளில் வந்து இந்நாட்டிற் குடியேறினர். வைராவு முகத்துவாரம் முதலிய பழங்குடியிருப்புகளிலே மோவா எலும்புகளும் முட்டைகளும் காணப்பட்டுள்ளன. 2000ஆம் ஆண்டில் றிச்சாட் ஹோல்டவே, கிறிஸ் ஜேக்கம் என்னும் இருவர், வேட்டையும் வாழிடக் குறைவும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டினுள் மோவாக்களை அழித்திருக்கக்கூடும் எனக் கணித்துக் காட்டினர். தட்பவெப்ப மாற்றமே காரணம் என்னும் வாதம் இங்கு நிலைபெறாது. பனியூழியின் கடுமையையும் தாங்கிய பறவைகள் அவை. 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வு, மனிதர் வருகைக்கு முற்பட்ட சில ஆயிரம் ஆண்டுகளில் அவற்றின் தொகை குன்றவில்லை எனக் காட்டியது. சிறு தொகையினரான மக்களின் வேட்டையே இப்பேரழிவுக்குப் போதியதாயிருந்தது. மோவாக்கள் மெல்ல வளர்ந்து சில முட்டைகளே இட்டமையால், கொல்லப்பட்டவற்றின் இடத்தைப் புதியவை நிரப்ப இயலவில்லை.

மோவாவின் மறைவால் முதலில் வீழ்ந்தது அதனை இரையாகக் கொண்ட கழுகாகும். 1870களின் தொடக்கத்தில் யூலியஸ் வொன் ஹாஸ்ற் விவரித்த இக்கழுகு, இதுவரை அறியப்பட்ட கழுகுகள் யாவற்றினும் பெரியது. அதன் நகங்கள் துளைத்த தழும்புகள் மோவாவின் இடுப்பெலும்புகளிற் காணப்படுகின்றன. இரை ஒழியவே, வேட்டையாடுவோனும் ஒழிந்தான்.

செடிகொடிகளின் கதை இதனினும் வியப்புடையது. நியூசிலாந்துப் புதர்கள் பலவற்றின் கிளைகள் அகன்ற கோணங்களிற் பிரிந்து ஒன்றோடொன்று பின்னி நிற்கும். சிற்றிலைகள் அப்பின்னலின் உள்ளே மறைந்திருக்கும். இவ்வமைப்பு மோவாவின் அலகினின்றும் தப்புதற்கே தோன்றியதென 1977இல் கிறீன்வுட், அற்கின்சன் என்போர் கருத்துரைத்தனர். குளிர்காற்றும் உறைபனியுமே காரணம் என்பாரும் உளர். எனினும் ஹொரோயேக்கா என்னும் மரம் முன்னவர் கருத்துக்கு அரண் செய்கின்றது. அதன் இளமரத்தின் இலைகள் ஒடுங்கி, விறைத்து, பல்விளிம்புடையனவாய்க் கீழ்நோக்கி நிற்கும். ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரத்தை, அஃதாவது மோவாவின் அலகு எட்டாத எல்லையை, அடைந்தபின் அது சாதாரண இலைகளை விடும். மோவா வாழ்ந்திராத சற்றம் தீவுகளிலுள்ள இதன் உறவினமோ இத்தகைய மாற்றத்தைப் பெரிதும் காட்டுவதில்லை. பகைவன் மாய்ந்து நூற்றாண்டுகள் கடந்தும் மரங்கள் கவசத்தைக் களையவில்லை.

தீங்கு செய்த உறவோடு நன்மை செய்த உறவும் அற்றுப்போயிற்று. வறண்ட குகைகளிற் கிடந்த மோவா எச்சங்களை ஆராய்ந்தோர் அவற்றில் சிறு விதைகளைக் கண்டனர். மரவேர்களோடு கூடிவாழும் காளான்களை மோவாக்கள் உண்டன என்பதற்கு 2018இல் வெளிவந்த ஆய்வொன்று சான்று தந்தது. இத்தகைய காளான்கள் இன்றிப் பீச்சு மரங்கள் செழித்து வளர்தல் அரிது. மோவா நடந்து திரிந்த இடமெங்கும் காளானின் வித்திகளும் சென்றன எனின், காடு பரவுதற்கும் அப்பறவை துணை நின்றது எனலாம். எனினும் காடு அடைந்த மாற்றம் யாவும் மோவாவின் மறைவால் விளைந்ததெனக் கொள்ளலாகாது. அதே காலத்தில் மக்கள் மூட்டிய தீயினாற் காட்டிற் பெரும்பகுதி அழிந்தமைக்கு ஏரிச் சேற்றிற் படிந்த கரித்துகள்கள் சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் மான்களை இந்நாட்டிற் கொண்டுவந்து விட்டனர். மோவாவின் வெற்றிடத்தை மான் நிரப்பிவிட்டதெனச் சிலர் வாதித்தனர். அவ்வாதம் பொருந்தாது. அலகும் பல்லும் ஒன்றல்ல. மானின் குளம்பும் மோவாவின் பாதமும் ஒன்றல்ல. மோவாவின் அலகுக்கு எதிராகத் தோன்றிய காவல் மானின் பல்லுக்குப் போதாமையாற் காட்டின் அடித்தளிர்கள் பல இடங்களில் அருகின.

ஓரினம் அழியுமிடத்து அதன் உடல் மாத்திரம் அழிவதில்லை. அதனோடு பிணைந்த உறவுகளும் அழிகின்றன. பல இலட்சம் ஆண்டுகளில் முதிர்ந்த அவ்வுறவுகளைப் பிறிதோர் உயிரைக் கொணர்ந்து நிறுத்தி மீட்டல் இயலாது. மோவாவைக் கொன்ற மக்கள் பசிக்கே வேட்டையாடினர். தம் செயலின் முடிவை அறியும் வாய்ப்பு அவர்க்கிருக்கவில்லை. அவ்வறிவு இன்றைய மக்களுக்கு உண்டு. எஞ்சியுள்ள பெருவிலங்குகளை இழப்பின், அறியாமையைக் காரணமாகக் கூறும் உரிமை இவர்க்கில்லை.