கத்திக்கு வந்த அட்டை

ஆம்பூருக்குப் போகிறவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை ஒரு ஷூ தொழிற்சாலையின் பேட்டர்ன் அறையை எட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் உலகின் ஆழமான ஒரு தத்துவம் அங்கே அட்டை வடிவில் இருக்கிறது!

ஷூவின் மேல்பாகம் பல துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டை. அதைத் தோல் மேல் வைத்து, ஓரமாகக் கத்தியை ஓட்டினால் துண்டு ரெடி. ஆக, தோல் சரக்கு, அட்டை கட்டளை.

39-ஆம் சைஸுக்கு அட்டை தயார். ஆனால், 36 முதல் 41 வரை வேண்டுமே? ஐரோப்பியக் கணக்கில் ஒரு சைஸ் ஏறினால் நீளம் 6.67 மி.மீ. கூடும்; அகலத்துக்கு வேறு கணக்கு. ஒவ்வொன்றையும் புதுசாக வரைந்துகொண்டிருக்க முடியாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பாண்டோகிராஃப் என்றொரு கருவி இருந்தது. அதன் ஒரு கை மூல அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போக, மறுபக்கம் அடுத்த சைஸ் அட்டை வெட்டுப்படும். கவனித்தீர்களா? தோலுக்குக் கட்டளையிட்ட அட்டை, இங்கே தானே சரக்காகிவிட்டது!

இதையே கம்ப்யூட்டருக்குள் செய்து காட்டியவர் ஜான் மெக்கார்த்தி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1958-ல் 'லிஸ்ப்' மொழியை ஆரம்பித்தார். அதில் தகவலும் பட்டியல்தான், ப்ரோக்ராமும் பட்டியல்தான். (கூட்டு 2 3) என்று எழுதினால் விடை 5. அதன் முன்னால் ஒரு சின்ன மேற்கோள் குறி போட்டால் கணக்கு நடக்காது. வெறும் மூன்று உருப்படிகள். முதல் உருப்படியை எடுத்துவிட்டு 'பெருக்கு' என்று வைத்து ஓட்டுங்கள். விடை 6! அதாவது ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராமை வெட்டி, ஒட்டி, ஓடவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. லிஸ்ப் கட்டளைகளுக்கு விடை காணும் விதியை மெக்கார்த்தி லிஸ்ப்பிலேயே எழுதினார். பெயர் 'இவால்'. படிப்பதற்காகத்தான் எழுதினார். அவரிடம் வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல், "இதையே மெஷினில் ஏற்றிவிடலாமே" என்றார். கொள்கையையும் நடைமுறையையும் போட்டுக் குழப்பாதே என்று சிரித்தார் மெக்கார்த்தி. ரஸ்ஸல் விடவில்லை. ஐ.பி.எம். 704-ல் ஏற்றினார். ஓடியது! 1963-ல் டிமோதி ஹார்ட், கட்டளைகளைத் தயாரிக்கும் கட்டளைகளான 'மேக்ரோ'க்களைச் சேர்த்தார். இன்று க்ளோஜர் போன்ற மொழிகள் இந்தச் சொத்தில்தான் வாழ்கின்றன.

சரி, இதனால் ஆம்பூருக்கு என்ன?

இருக்கிறது. 1970-களின் தொடக்கம் வரை நம் தோல் பெரும்பாலும் அரைகுறையாகப் பதப்படுத்தப்பட்டு, அப்படியே கப்பலேறியது. லாபத்தின் பெரும்பகுதி அதை ஷூவாக்கிய தேசங்களுக்கு. 1972-ல் சீதாராமய்யா கமிட்டி இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் முழுத்தோலும், பிறகு ஷூக்களும் வளர்ந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கழிவுநீரைப் பாலாறு வாங்கிக்கொண்டது தனிச் சோகம்.

தோல் விற்ற ஊர் ஷூ விற்கும் ஊரானது முதல் படி. ஆனால், டிசைன் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்வரை, நாம் அட்டையின் ஓரத்தில் கத்தி ஓட்டுகிறவர்கள்தான். சாஃப்ட்வேரிலும் இதே கதை: சொன்னதை எழுதித் தருகிறவர் ஒருவர், எழுதும் முறையையே மாற்றத் தெரிந்தவர் இன்னொருவர். கூலியில் வித்தியாசம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

பேட்டர்ன் அறையில் உங்கள் பிள்ளைக்கு வேலை கிடைத்தால், கத்தியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம், அட்டை வெட்டவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.