முதல் போடுவது யார்? தமிழ் நூல் விற்பனையில் எழுத்தாளரின் பங்கு

ஒரு நூலுக்கான காகிதம், அச்சுக்கூலி, கட்டுமானம் எல்லாவற்றுக்கும் பணம் முன்னதாகவே வேண்டும். அது திரும்பி வருவதோ பிரதிகள் விற்ற பிறகு. இந்த இடைவெளியைத் தாங்குவது யார் என்ற கேள்வியை வைத்தே தமிழ் நூல் விற்பனையின் வரலாற்றை எழுதிவிடலாம். புரவலர், இதழ், அரசு நூலகம் என்று பலர் அந்தப் பாரத்தைச் சிறிது காலம் சுமந்தார்கள். ஆனால் அது மறுபடி மறுபடி எழுத்தாளர் தோளுக்கே வந்து சேர்ந்தது. அப்படி வந்தபோதெல்லாம் அவர் வாசகரை நேராகத் தேடிப் போனார். தமிழில் புதிய விற்பனை முறைகள் பெரும்பாலும் இந்தத் தேடலிலிருந்தே பிறந்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

அச்சகத்துக்கு அரசின் உரிமம் தேவை என்ற கட்டுப்பாடு 1835இல் நீங்கியது. அதன்பின் இந்தியர் நடத்திய அச்சுக்கூடங்கள் பெருகின. தொடக்கத்தில் ஓடியவை பாடநூல்களும் சமய நூல்களும். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கி, அடுத்த ஆண்டே வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவியது தற்செயல் அன்று. பள்ளி வாசகரை உருவாக்கியது. அச்சகம் அவர்களுக்கு நூல் தந்தது. தேவையையும் வழங்கலையும் ஒருவரே சேர்த்துப் பார்த்த முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. சங்க நூலுக்கும் காப்பியத்துக்கும் பள்ளிச் சந்தை கிடையாது. அவர்கள் கையொப்பம் திரட்டினார்கள். நூல் வரப்போகிறது என்று அறிவித்து, இத்தனை பிரதி வாங்கிக்கொள்வதாக ஒப்பம் பெறுவதும், சிலரிடம் முன்பணமே பெறுவதும் அந்த முறை. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது இவ்வாறுதான். மடங்களும் செல்வர்களும் உதவினார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஒப்பமிட்டார்கள். ஏடு தேடி அலைந்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஒப்பம் தேடி அலைந்ததும் அதே அளவு உழைப்புத்தான். அதைப் பதிப்பு வரலாற்றின் ஓரத்தில் தள்ளுவது நியாயமன்று. சி.வை.தாமோதரம் பிள்ளை இதே காலத்தில் வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துப் பண நெருக்கடிக்கு ஆளானார்.

இதற்கு நேர் எதிர்முனையில் சென்னைக் குஜிலிக் கடைகள் இருந்தன. கொலைச் சிந்து, ரயில் விபத்து, வெள்ளம், தேசபக்திப் பாட்டு என்று மலிவுத் தாளில் சில பக்கங்களே கொண்ட நூல்கள் காலணா, அரையணாவுக்கு விற்றன. ஆ.இரா.வேங்கடாசலபதி தம் ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் இவ்வுலகை விரிவாக ஆவணப்படுத்தியுள்ளார். சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் பாடியே விற்றார்கள். பாட்டே விளம்பரம். முதலீடு சிறியது, விற்ற காசு அன்றே கைக்கு வந்தது. புலவர் உலகம் இவற்றை ஏளனம் செய்தாலும், புரவலர் தயவின்றித் தமிழ் நூல் தன் காலில் நின்றது இங்கேதான்.

அஞ்சல் துறையின் வி.பி.பி. முறை சென்னைக்கு வெளியே இருந்த வாசகரையும் எட்ட வைத்தது. பொதியைத் தபால்காரரிடம் பெறும்போது பணம் கட்டினால் போதும் என்பதால் கடையே இல்லாத ஊரிலும் நாவல் விற்றது. ஜே.ஆர்.ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் கதைகள் இந்த வழியில் வளர்ந்தவை. ஒரு நாவலின் கடைசிப் பக்கங்கள் அடுத்த நாவலுக்கான விளம்பரமாயின. வடுவூரார் ‘மனோரஞ்சனி’ என்ற மாத வெளியீட்டையே நடத்தித் தம் நாவல்களைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்.

இந்தப் பின்னணியில்தான் பாரதியின் 1920ஆம் ஆண்டுத் திட்டத்தைப் படிக்க வேண்டும். புதுவையிலிருந்து வெளியேறிக் கடையத்தில் இருந்த அவர், நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது. தொடக்கச் செலவு 20,000 ரூபாய். ஓரிரு ஆண்டில் ஒன்றரை லட்சம் லாபம். அதற்கு ஒவ்வொருவரும் குறைந்தது 100 ரூபாய் கடன் தர வேண்டும், வட்டியோடு திருப்பப்படும் என்றார். நன்கொடை கேட்கவில்லை, கடன் கேட்டார் என்பது கவனத்துக்குரியது. தமிழ்ப் புத்தகம் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல அன்றாடப் பண்டமாக விற்க வேண்டும் என்பதும் அவர் கடிதத்தில் எழுதிய எண்ணம்.

இதைக் கவிஞரின் கனவு என்று பலரும் கடந்துபோகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு லட்சம் பிரதிகளை 20,000 ரூபாயில் அச்சிட முடியாது; எனவே அது சுழல்முதல், முதல் சில நூல்கள் விற்ற பணத்தில் அடுத்தவை வரும் என்றே கொள்ள வேண்டும். ஒன்றரை லட்சம் லாபம் என்றால் பிரதிக்கு ஆறணா. நாவல்கள் நன்றாக விற்ற காலத்தில் இது அபத்தமான எதிர்பார்ப்பு அன்று. குறை வேறிடத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே எழுத்தறிவு. ஒவ்வொரு நூலையும் பத்தாயிரம் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் கடைகளோ முகவர்களோ இல்லை. பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். அதன்பின் அவர் மனைவி செல்லம்மாள் தொடங்கிய பாரதி ஆச்ரமமும், பிறகு பாரதி பிரசுராலயமும் அப்பணியைச் சிறிய அளவில் தொடர்ந்தன. பண்டமாக்கும் தொழிலை அறிந்திருந்த எழுத்தாளருக்கு முதல் மட்டும் கிடைக்கவில்லை என்பது தமிழ்ப் பதிப்புலகின் பெரும் இழப்பு.

அந்த முதலைப் பின்னர் வார இதழ்கள் போட்டன. எஸ்.எஸ்.வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். விளம்பரமும் தபால் விற்பனையும் தெரிந்த அவர் கையில் இதழ் பெருகியது. தொடர்கதைக்கு வாசகர் வாரந்தோறும் காத்திருந்தார். புத்தகம் இரண்டாம் விற்பனையானது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களைப் பிரித்தெடுத்துக் கட்டுமானம் செய்துகொண்ட வீடுகள் ஏராளம். இந்த ஏற்பாட்டில் எழுத்தாளருக்கு இழப்பு அச்சம் இல்லை, ஆனால் என்ன எழுதுவது என்பதில் இதழின் தேவையும் கை வைத்தது.

அதை ஏற்காதவர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய ‘எழுத்து’ இதழ், கடைக் கூட்டத்தைக் குறிவைக்காமல் சந்தாதாரரையே நம்பியது. எழுத்து பிரசுர நூல்களைப் பைகளில் சுமந்து, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று அவரே விற்றார். தமிழ்த் துறைகளின் வாசலில் நின்று, புதுக்கவிதை என்றால் என்ன என்று விளக்கிவிட்டு நூலை நீட்டிய மனிதர் அவர். விளக்கமும் விற்பனையும் ஒரே செயலாயின. விற்றவை சில நூறு பிரதிகள்தாம். ஆனால் அவை யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பதே நவீனத் தமிழ் இலக்கியத்தின் போக்கைத் தீர்மானித்தது. முதுமையிலும், ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாகப் பெருநாவலைத் தாமே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இதற்கிடையே இன்னொரு வழியைத் திறந்திருந்தது. சொத்து வரியோடு நூலக வரி வசூலாகி, அரசே பெரிய வாங்குபவராக ஆனது. கிராமத்துக்கு நூல் போனது. சிறு பதிப்பகங்கள் பிழைத்தன. இந்த நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆயினும் நூலக ஆணைக்கு ஏற்ப ஆயிரம் பிரதி அச்சிட்டால் போதும் என்ற பழக்கம், வாசகரைத் தேடும் பழக்கத்தை மழுங்கடித்தது. ஆணை தாமதமான ஆண்டுகளில் பதிப்பகங்கள் தடுமாறியது அதன் விளைவே. கோட்டயத்தில் 1945இல் மலையாள எழுத்தாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து 30 விழுக்காடு உரிமைத்தொகை பெற்றதைப் போல இங்கே ஒரு வலுவான அமைப்பு நிலைக்கவில்லை. லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் தொடங்கி உறுப்பினர்களை நம்பி நடத்திய வாசகர் வட்டம், ‘நடந்தாய் வாழி காவேரி’ போன்ற அழகிய பதிப்புகளைத் தந்தது. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலையில் மதரஸா பள்ளியில் சிறு அளவில் தொடங்கியது. பொங்கலை ஒட்டி நடக்கும் அது இன்று பதிப்பாண்டையே வகுக்கிறது; நூல்கள் ஜனவரிக்காகவே அச்சேறுகின்றன. அரங்கில் அமர்ந்து வாசகரைச் சந்திக்கும் எழுத்தாளர், செல்லப்பா நடந்துபோய் அடைந்ததை ஒரே இடத்தில் அடைகிறார்.

2014 முதல் 2020 வரை ஜெயமோகன் ‘வெண்முரசு’ தொடரை நாள்தோறும் இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்; அதன் செம்பதிப்புகள் முன்பதிவின் பேரில் அச்சாயின. இலவச வாசிப்பு விற்பனையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு அந்த 26 நூல்கள் பதில் சொல்லிவிட்டன. 2016இன் இறுதியில் கிண்டிலில் தமிழில் தாமே வெளியிடும் வசதி வந்தபோது, அச்சு நூலில் வழக்கமாகப் பத்து விழுக்காடு பெற்றவருக்கு, விதிகளுக்கு உட்பட்டு, எழுபது விழுக்காடு வரை கிடைத்தது. தேவைக்கேற்ப ஐம்பது பிரதி மட்டும் அச்சிடும் முறையும் பரவியது. கிடங்குச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் அச்சுச் செலவை எழுத்தாளரிடமே கேட்பதும், இத்தனை பிரதி நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிபந்தனை விதிப்பதும் இதோடு வழக்கமாகிவிட்டன.

இன்றைய எழுத்தாளர் முதலும் போடுகிறார், விளம்பரமும் செய்கிறார். வாட்ஸ்அப் குழுவில் முன்பதிவு திரட்டுபவருக்கு வாங்கியவர் பெயரும் முகவரியும் தெரியும். அடுத்த நூலை அவர்களிடமே கொண்டுபோகலாம். இணைய அங்காடி வழியாக விற்பவருக்கு அதன் கணக்கில் எண்ணிக்கை மட்டுமே வருகிறது. வாங்கியவர் யார் என்ற விவரம் அங்காடியிடமே தங்கிவிடுகிறது.