முதுமையிலும் தசை வலுப்பெறும்: வில்லியம் இவான்ஸின் ஆய்வுகள்

2009 மே மாதம், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணற்பரப்பிலிருந்து ஐம்பது வயதில் உயிர் தப்பியவர்கள் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் அவயவம் இழந்தவர்களும் இவர்களுள் அடங்குவர். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை, கிணற்றில் தண்ணீர் அள்ள முடியவில்லை என்றால், "வயசு போட்டுது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வயது மட்டுமே காரணமல்ல என்பதை ஆய்வுகளால் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கத் தசை உடலியங்கியலாளர் வில்லியம் இவான்ஸ்.

பொஸ்டன் நகரில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் முதுமைக்கான ஊட்டச்சத்து ஆய்வு நிலையத்தில் அவர் பணியாற்றினார். வயதோடு தசை குறைவதற்கு 1989 இல் 'சார்கோபீனியா' எனப் பெயரிட்ட இர்வின் ரோசன்பேர்க் அவரது சக ஆய்வாளர். கிரேக்கச் சொற்களிலிருந்து உருவான இப்பெயரைத் 'தசை வறுமை' எனத் தமிழில் சொல்லலாம்.

1990 இல் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன், இவான்ஸ் ஆகியோரின் குழு வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகை வியக்கவைத்தது. பராமரிப்பு இல்லமொன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேர் கிழமைக்கு மூன்று நாட்கள் கால்களால் பாரம் தூக்கிப் பயிற்சி செய்தனர். எட்டுக் கிழமைகளில் அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டனர். ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கு கிழமைகளில், பெற்ற வலிமையில் ஒரு பகுதி மீண்டும் குறைந்தது.

1994 இல் நூறு முதியவர்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் கொடுத்தபோது வலிமை கூடவில்லை. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இவான்ஸ் பங்கேற்ற 2007 ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்து நாட்கள் படுக்கையில் இருந்தபோதே கால்களில் சுமார் ஒரு கிலோ தசையை இழந்தனர். காய்ச்சலுக்கோ காயத்துக்கோ நீண்ட நாள் படுத்தெழும்பியவர் தளர்ந்துபோவது ஏன் என்பதற்கு இது விடை.

வீட்டில் தொடங்க இயந்திரம் தேவையில்லை. சுவரோடு ஒட்டிய உறுதியான கதிரையில் இருந்து மெதுவாக எழும்பி, மெதுவாக அமர வேண்டும். எட்டு, பத்துத் தடவை இலகுவானதும் கையில் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துப் பாரத்தைக் கூட்டலாம். 65 வயதைக் கடந்தோர் கிழமைக்கு மூன்று நாட்களாவது வலிமை, சமநிலைப் பயிற்சிகள் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இறுதி நாட்களில் கஞ்சி உயிரைக் காத்தது. தசையைக் கட்ட அது போதாது. மீன், முட்டை, பயறு, கௌபி, கச்சான் போன்ற புரத உணவு நாள்தோறும் வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் புரத அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். இருதய நோயாளர், உடலில் எறிகணைச் சிதறல் உள்ளோர், செயற்கைக் கால் அணிந்தோர் வைத்தியரின் அல்லது இயன்மருத்துவரின் ஆலோசனையுடன் தொடங்குவதே பாதுகாப்பு.

தனியே செய்பவர் விரைவில் நிறுத்திவிடுவார். கிராமத்து முதியோர் சங்கங்கள் கிழமையில் மூன்று நாட்கள் அரைமணி நேரம் ஒன்றுகூடிப் பயிற்சி செய்தால், தொடர்ந்து செய்வது எளிதாகும். தானே எழும்பி, தானே தண்ணீர் அள்ளி வாழும் காலத்தை நீட்டிக்க இதுவே செலவில்லாத வழி.