ஒரு தகட்டில் பல வண்ணம்

செதுக்குத் தகட்டு அச்சோவியத்தில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு தனித்தகடு வேண்டும் என்பதே பெரும்பாலும் வழக்கு. எனவே வடிவம் முன்னே பிறந்தது; வண்ணம் பின்னர் வந்து அதன்மேல் அமர்ந்தது. இவ்வழக்கை மாற்றியது, ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927-இல் பாரிசில் தொடங்கிய பட்டறை. பின்னாளில் அது ‘அட்டெலியர் 17’ எனப் பெயர் பெற்றது.

1950-களில் அங்குப் பணியாற்றியவர் கிருஷ்ண ரெட்டி (1925–2018). சித்தூர் மாவட்டத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். சிற்பியாகிய அவர் தகட்டை மேடும் பள்ளமும் உடைய நிலமாகவே கண்டார். எண்ணெய் மிகுந்த இளகிய மை, வன்மையான உருளையால் மேடுகளில் மட்டும் படியும். எண்ணெய் குறைந்த இறுகிய மை, மென்மையான உருளையால் பள்ளம்வரை இறங்கும். முன்னதன்மீது பின்னது ஒட்டுவதில்லை. ஆகவே வண்ணங்கள் தத்தம் இடத்தில் நின்று, ஒரே அழுத்தத்தில் தாளில் பதிகின்றன. 1963-இல் அவர் படைத்த ‘நீர்ச்சுழல்’ இதற்குச் சான்று. அங்கு ஆழமே வண்ணமாகிறது, வண்ணமே வடிவமாகிறது.

இதனை ஹேட்டர் பெயரால் வழங்குவோர் உளர். ஆயினும் இது பட்டறையில் பலர் கூடிக் கண்ட முறை. ரெட்டியும் அவருடன் உழைத்த கைக்கோ மோதியும் செய்த சோதனைகளை விடுத்து எழுதப்படும் வரலாறு, ஒற்றை வண்ணத்தில் எடுத்த படியே ஆகும்.